செக் போட்ட அன்றே பணம் என்றார்களே, வேலூரில் யாருக்காவது வந்ததா?

10 அக்டோபர் 2025, காலை 6.50

செக் போட்டால் இனி சில மணி நேரத்தில் கணக்கில் பணம் ஏறும் என்று எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அக்டோபர் 4 முதல் என்று தேதியும் போட்டிருந்தார்கள். அந்தச் செய்தி வந்த பேப்பரை சத்துவாச்சாரியிலும் தோட்டப்பாளையத்திலும் 640 வீடு, கடைகளுக்குப் போட்டவன் நான். 6-ந் தேதி திங்கட்கிழமை ரூ.38,460-க்கு ஒரு செக் போட்டேன். இன்று வெள்ளிக்கிழமை. பணம் வரவில்லை.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் யாருக்காவது போட்ட அன்றே ஏறியதா? எந்த நாள், எத்தனை மணிக்குப் போட்டீர்கள், எப்போது ஏறியது என்று மட்டும் எழுதுங்கள். நாடு முன்னேறுகிறது, பொறுமை வேண்டும் என்கிற பேச்சு எனக்கு வேண்டாம்.

10 அக்டோபர், இரவு 9.15

விவரம் கேட்டவர்களுக்காக. சிஎம்சி மருத்துவமனைக்கு எதிரே உள்ள சந்துகளில் சில லாட்ஜ்களுக்கு நான் பேப்பர் போடுகிறேன். ஒரே முதலாளிக் குடும்பத்தின் நான்கு லாட்ஜ்களுக்குச் சேர்த்து மூன்று மாதத்துக்கு ஒரு செக் தருவார்கள். பங்காளிகள் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் செக் தவிர வேறு வழியில் தர மாட்டார்கள். எனக்கோ பேப்பர் கம்பெனிக்கு 10-ந் தேதிக்குள் கட்டியாக வேண்டும். தவறினால் மறுநாள் வரும் பேப்பர்க் கட்டில் பிரதியைக் குறைத்துவிடுவார்கள். மச்சானிடம் ரூ.40,000 கைமாற்று வாங்கி இன்று கட்டினேன்.

சாயங்காலம் லாட்ஜ் மேனேஜர் அவருடைய போனைத் திறந்து காட்டினார். அவர்கள் கணக்கிலிருந்து 7-ந் தேதியே பணம் போய்விட்டது. "எங்களிடம் இல்லை அண்ணா, பாருங்கள்" என்றார். என்னிடமும் இல்லை. மூன்று நாளாக அது எங்கே இருக்கிறது? என் பேங்கில் கேட்டதற்கு "புது சிஸ்டம், வந்துவிடும்" என்றார்கள். எப்போது என்று கேட்டேன். பதில் இல்லை.

அவர்களுடைய பேங்குதான் தாமதம் செய்கிறது என்று நினைக்கிறேன்.

11 அக்டோபர், மதியம் 2.30

இன்று இரண்டாவது சனி, பேங்க் இல்லை. ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் 13-ந் தேதி வெளியிட்ட சுற்றறிக்கையை எடுத்து உட்கார்ந்து படித்தேன். மூன்று முறை படித்த பிறகு புரிந்ததை எழுதுகிறேன்.

பழைய முறையில், நாள் முழுக்க வந்த செக்குகளைச் சேர்த்து ஒரு கட்டாக அனுப்புவார்கள். மறுநாள்தான் முடிவு தெரியும். அக்டோபர் 4-ல் தொடங்கிய முறையில், காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை, கிளைக்கு வரும் ஒவ்வொரு செக்கையும் வர வர ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும். செக் பயணம் செய்வதில்லை, அதன் படம்தான் போகிறது. (இந்தப் படம் அனுப்பும் முறை டெல்லியில் 2008-ல் தொடங்கி, சென்னைக்கு 2011 செப்டம்பரில் வந்தது.) செக் கொடுத்தவரின் பேங்க் அந்தப் படத்தைப் பார்த்து, "பணம் உண்டு" அல்லது "திருப்புகிறோம்" என்று இரவு 7 மணிக்குள் சொல்லியாக வேண்டும். 11 மணியிலிருந்து மணிக்கு ஒரு தரம் பேங்குகள் கணக்குத் தீர்த்துக்கொள்ளும். தீர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நம் கணக்கில் ஏற்ற வேண்டும்.

இதில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரி ஒன்று. 7 மணிக்குள் அந்த பேங்க் ஒன்றும் சொல்லாமல் இருந்தால், சம்மதம் சொன்னதாகவே எடுத்துக்கொண்டு கணக்குத் தீர்த்துவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டிருந்து காலம் கடத்த முடியாது.

நான் பார்த்த எந்தப் பேப்பரிலும் இந்த வரி இல்லை. மணி 10, மணி 4, மணி 7 என்பதும் ஒன்றிரண்டில்தான் இருந்தது. இருந்திருந்தால் திங்கட்கிழமை நான் செய்த தவறைச் செய்திருக்க மாட்டேன். அதை அடுத்து எழுதுகிறேன், கடையில் ஆள் நிற்கிறார்.

12 அக்டோபர், காலை 11.00

முந்தாநாள் இரவு எழுதியதைத் திருத்துகிறேன். லாட்ஜின் பேங்க் தாமதம் செய்ததாகச் சொன்னது தப்பு. அவர்கள் படம் வந்த அன்றே பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். தாமதம் இரண்டு இடத்தில், இரண்டும் என் பேங்கில்.

நான் 6-ந் தேதி 11.40-க்குச் செக்கைக் கவுன்டரில் கொடுக்கவில்லை. வாசலில் இருக்கிற பெட்டியில் போட்டேன். பெட்டியை அன்று சாயங்காலமோ மறுநாள் காலையோதான் திறந்திருக்கிறார்கள். படம் 7-ந் தேதிதான் போயிருக்கிறது. அப்படியென்றால் 7-ந் தேதி இரவுக்குள் எனக்கு ஏறியிருக்க வேண்டும். ஏறாதது இரண்டாவது தாமதம்.

பெட்டியில் போட்டதற்கு என்னிடம் ஒரு சாட்சியும் இல்லை. அடிச்சீட்டில் நானே எழுதிய தேதிதான். கவுன்டரில் கொடுத்தால் முத்திரை குத்தித் தர வேண்டும். பெட்டியில்தான் போட வேண்டும் என்று எந்தக் கிளையும் நம்மைக் கட்டாயப்படுத்தக் கூடாது, கேட்டால் ஒப்புகை தர மறுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி வைத்திருக்கிற விதி. 27 வருடமாகச் செக் வாங்குகிறேன், இது எனக்குத் தெரியாது.

13 அக்டோபர், மாலை 5.20

ஏறிவிட்டது. ரூ.38,460. ஏழு நாள். மச்சானுக்குக் கொடுத்துவிட்டேன்.

குடியாத்தத்திலிருந்து ஒருவர் தனக்கு 8-ந் தேதி போட்டது 9-ந் தேதி வந்தது என்கிறார். ஆம்பூரில் தோல் வியாபாரம் செய்பவர் ஒருவருக்கு இன்னும் வரவில்லையாம், தீபாவளிக்கு ஆட்களுக்குப் போனஸ் தர வைத்திருந்த பணமாம்.

14 அக்டோபர், இரவு 8.00

"இந்தக் காலத்தில் செக்கைக் கட்டிக்கொண்டு அழுவானேன், எல்லாவற்றையும் யுபிஐயில் வாங்கலாமே" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

தம்பி, செக்குக்கு ஒரு பலம் இருக்கிறது. பணமில்லாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் வழக்குப் போடலாம். திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், பிறகு அவர் பணம் கட்ட 15 நாள் கெடு. கடனுக்குச் சரக்கு கொடுக்கிற வாலாஜாபேட்டை நெசவு வியாபாரிக்கும் ராணிப்பேட்டைத் தோல்காரருக்கும் அந்தக் காகிதம்தான் பிடிமானம். போனில் "நாளைக்கு அனுப்புகிறேன்" என்று சொன்னதை வைத்துக்கொண்டு எந்தக் கோர்ட்டுக்குப் போவார்கள்?

இன்று செவ்வாய்க்கிழமை, பொய்கை மாட்டுச் சந்தை. அந்த லைனில் எனக்கு 30 பேப்பர் போகிறது, நானே போய் வந்தேன். தரகர் துண்டை விரித்துக் கையை மூடிக்கொள்ள, வாங்குகிறவர் உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்கிறார். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. விரல் முடிச்சு அவிழ்ந்ததும் ரூபாய்க் கட்டு வெளியே வருகிறது. கறவை மாடு ஒன்று ரூ.62,000-க்கு முடிந்ததைப் பார்த்தேன். விற்றவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும், கையில் பட்டன் போன். யுபிஐயில் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்ப ஒரு நாள் வரம்பு ஒரு லட்சம், இரண்டு மாடு வாங்கினால் அதைத் தாண்டிவிடும். தரகரிடம் யுபிஐ பற்றிக் கேட்டேன். "மாடு கயிறு மாறும்போதே பணமும் கை மாற வேண்டும் நைனா. சிக்னல் வரும் வரை மாடு நிற்குமா?" என்றார்.

ரொக்கத்துக்கும் கஷ்டம் உண்டு. 2019 மக்களவைத் தேர்தலில் பணப் பட்டுவாடா புகாரில் வேலூர் தொகுதித் தேர்தலையே ஏப்ரல் 16-ந் தேதி ரத்து செய்தார்கள். ஆகஸ்ட் 5-ந் தேதிதான் ஓட்டுப் பதிவு நடந்தது. நம் ஊர் மட்டும் இரண்டு முறை பறக்கும் படையைப் பார்த்தது. தேர்தல் நேரத்தில் ரூ.50,000-க்கு மேல் கையில் இருந்தால் கணக்குக் காட்ட வேண்டும். மாடு விற்றவர் எந்த ரசீதைக் காட்டுவார்? அந்த மாதங்களில் பொய்கைக்கு வருகிற கூட்டம் எப்படிச் சுருங்கியது என்று அங்கே டீ விற்றவர்களைக் கேளுங்கள்.

16 அக்டோபர், காலை 5.40

அணைக்கட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவி நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். "என் போனில் பணம் உடனே போகிறது. அப்போது பேங்குக்குப் பேங்கு பணம் எப்படிப் போகிறது? யார் எடுத்துக்கொண்டு போகிறார்கள்?"

பாப்பா, இதை நான் தினமும் கண்ணால் பார்க்கிறேன். காலை நாலு மணிக்குப் பழைய பஸ் நிலையத்தில் எல்லா ஏஜெண்டுகளும் கட்டுப் பிரிப்போம். ஒருவருக்கு ஒரு பத்திரிகை பத்துப் பிரதி குறையும், இன்னொருவருக்கு அதே பத்திரிகை மிஞ்சியிருக்கும். "எடுத்துக்கொள்" என்று தருவோம். அந்த நேரத்தில் காசு கேட்க மாட்டோம், லைனுக்கு நேரமாகிவிடும். சின்ன நோட்டில் அவரவர் குறித்துக்கொள்வோம். நான் அவரிடம் மாதத்தில் 110 பிரதி வாங்கியிருப்பேன், அவர் என்னிடம் 95 வாங்கியிருப்பார். மாதக் கடைசியில் 15 பிரதிக்கான காசை மட்டும் கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது. நாலைந்து பேர் என்றால் எல்லார் நோட்டையும் பஸ் நிலைய டீக்கடைப் பெஞ்சில் விரித்து வைத்து, யார் யாருக்கு மொத்தத்தில் எவ்வளவு என்று ஒரே தடவையில் முடித்துவிடுவோம். முதலில் தனித்தனியாகத் தீர்த்துக்கொண்டிருந்தோம், அதில் சண்டை வந்தது. நடுவில் ஒரு பெரியவரை உட்கார வைத்த பிறகு சண்டை நின்றது.

யுபிஐயும் அப்படித்தான். உங்கள் கணக்கில் கழிந்து கடைக்காரர் கணக்கில் ஏறுவது உடனே நடக்கிறது. ஆனால் பேங்குகளுக்குள் அந்த நிமிடத்தில் பணம் நகர்வதில்லை. யார் யாருக்கு எவ்வளவு என்று, யுபிஐயை நடத்துகிற என்பிசிஐ கூட்டிக் கழித்து, ஒரு நாளில் பல முறை நிகரத் தொகையைச் சொல்கிறது. ஒவ்வொரு பேங்குக்கும் ரிசர்வ் வங்கியில் கணக்கு இருக்கிறது, அங்கே தீர்க்கிறார்கள். பேங்க் கணக்கிலிருந்து இன்னொரு பேங்க் கணக்குக்கு அனுப்புகிற நெஃப்ட்டில் அரை மணிக்கு ஒரு கட்டு. 2019 டிசம்பர் 16 முதல் இரவு பகல் இல்லாமல் ஒரு நாளைக்கு 48 கட்டு. ரூ.2 லட்சமும் அதற்கு மேலும் போகிற ஆர்டிஜிஎஸ்ஸில் மட்டும் கூட்டிக் கழிப்பது கிடையாது, ஒவ்வொரு தொகையும் தனித்தனியாக அந்தக் கணமே தீரும். அது 2004 மார்ச்சில் வந்தது. 24 மணி நேரமும் என்று ஆனது 2020 டிசம்பர் 14 முதல்.

எங்கள் பெரியவர் இறந்து நாலு வருடம் ஆகிறது. அவர் இடத்தில் இன்னும் யாரையும் உட்கார வைக்கவில்லை, கணக்கு தீர மாதம் பத்து நாள் இழுக்கிறது.

17 அக்டோபர், இரவு 10.10

பத்திரிகைகளைப் பற்றிச் சொல்ல வந்ததை இன்று சொல்லிவிடுகிறேன்.

2023 மார்ச் கடைசி வாரம். "ஏப்ரல் 1 முதல் ரூ.2,000-க்கு மேல் யுபிஐயில் அனுப்பினால் 1.1 சதவீதம் கட்டணம்" என்று செய்தி பரவியது. அன்று காலை ஒரு பத்திரிகையின் போஸ்டர் அதுதான். தோட்டப்பாளையம் முனையில் ஒரு டீக்கடை, அங்கே கம்பியில் அந்தப் போஸ்டரைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். ஏழு மணிக்கு ஆட்டோக்காரர்கள் படித்தார்கள். எட்டு மணிக்கு டீக்கடைக்காரர் கண்ணாடி அலமாரியில் ஒட்டியிருந்த க்யூஆர் அட்டையை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டார். பசை போகாமல் பாதிக் காகிதம் கண்ணாடியிலேயே நின்றது, சதுரம் சதுரமாக. அது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அவர் கடையில் பத்து ரூபாய் டீ. இரண்டாயிரத்துக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? "இன்றைக்கு இரண்டாயிரம் என்பார்கள், நாளைக்குப் பத்து ரூபாய்க்கும் பிடிப்பார்கள்" என்றார். அந்த மாதம் எனக்கு வரவேண்டிய மாதப் பணத்தில் பாதிப் பேர் "ரொக்கமாக வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்கள். லைன் பையன்கள் பத்து நாள் படியேறினார்கள்.

உண்மை என்ன? அந்த 1.1 சதவீதம், வாலட்டில், அதாவது போன் ஆப்பில் முன்கூட்டியே போட்டு வைத்த பணத்திலிருந்து கடைக்காரருக்கு ரூ.2,000-க்கு மேல் போகும்போது கம்பெனிகள் தங்களுக்குள் கொடுத்துக்கொள்கிற தொகை. அனுப்புகிறவர் ஒரு பைசா தர வேண்டியதில்லை. பேங்க் கணக்கிலிருந்து பேங்க் கணக்குக்குப் போகிற சாதாரண யுபிஐக்கு அது கிடையவே கிடையாது. மார்ச் 29-ந் தேதியே என்பிசிஐ இதைச் சொல்லிவிட்டது. 2020 ஜனவரி 1 முதல் யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் கடைக்காரரிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

மறுப்புக்குப் போஸ்டர் வரவில்லை. டீக்கடைக்காரர் அட்டையைத் திரும்ப ஒட்ட ஐந்து மாதம் ஆனது.

விளைவை யோசிக்காமல் எழுதுகிற நிருபர்கள் இதற்குப் பொறுப்பு. இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

18 அக்டோபர், இரவு 9.00

நேற்று எழுதிய கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன்.

இன்று பரணில் ஏறினேன். முக்கியமான நாட்களின் பேப்பரில் ஒரு பிரதியை அப்பா காலத்திலிருந்து எடுத்து வைப்பது வழக்கம். 2023 மார்ச் கட்டு இருந்தது. அந்தச் செய்தியை முழுதாகப் படித்தேன். நாலாவது பத்தியில் "வாலட் மூலம் வணிகர்களுக்குச் செலுத்தும்போது" என்று நிருபர் தெளிவாகவே எழுதியிருக்கிறார். பொதுமக்களுக்கு நேரடிக் கட்டணம் இல்லை என்றும் கடைசிக்கு முந்தின வரியில் இருக்கிறது. அவர் தன் வேலையைச் செய்திருக்கிறார். தலைப்பில்தான் வாலட் என்ற சொல் விழுந்துபோனது. போஸ்டரில் தலைப்பும் பாதியாகச் சுருங்கியது.

அந்தப் போஸ்டரை மாட்டியவன் நான். அன்று 640 பிரதியைப் போட்டேனே தவிர, நாலாவது பத்தி வரை நான் படிக்கவில்லை. படித்திருந்தால் டீக்கடைக்காரர் சுரண்டும்போது தடுத்திருப்பேன். அவர் என் பேச்சைக் கேட்பவர். இரண்டரை வருடமாக நிருபர்களைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். வருத்தமாக இருக்கிறது.

19 அக்டோபர், இரவு 11.30

நாளை தீபாவளி. மலருக்கு இணைப்புப் போட்டு முடிக்கவே மணி பதினொன்று.

பத்து ரூபாய் நாணயம் செல்லுமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். சுருக்கமாக: செல்லும். 14 வடிவங்களில் வந்திருக்கிறது, அத்தனையும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி 17-ந் தேதி சொன்னது. ரூபாய்க் குறி இருந்தாலும் செல்லும், இல்லாவிட்டாலும் செல்லும்.

21 அக்டோபர், மதியம் 3.00

சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போனது எனக்கே உறுத்துகிறது. ஏனென்றால் பத்து ரூபாய் நாணயம் நான் சொல்லிவரும் வாதத்தையே அசைக்கிறது.

செல்லாது என்று எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. எனக்குத் தெரிந்து ஒரு போஸ்டரும் தொங்கவில்லை. செல்லும் என்றுதான் திரும்பத் திரும்பப் போட்டார்கள், நானும் வீடு வீடாகப் போட்டேன். சென்னையில் சாதாரணமாக வாங்கினார்கள். காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கினால் வாங்க ஆள் இல்லை. நேதாஜி மார்க்கெட் வாசலில் கீரை விற்கிற ஆயா ஒருவர் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினார், பதினேழு நாணயம். வெளியூர் நோயாளிகளோடு வந்தவர்கள் கொடுத்தது. கொடுத்தவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், பஸ்ஸில் கொடுத்தால் கண்டக்டர் வேண்டாம் என்கிறார். "பேப்பர்காரரே, பேப்பரில் செல்லும் என்று போட்டிருக்கிறது அல்லவா, நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். வாங்கிக்கொண்டேன், ரூ.170 நோட்டாகக் கொடுத்தேன். அவற்றை பேங்க் கவுன்டரில் கட்டினேன், எண்ணி வாங்கிக்கொண்டார்கள்.

ஆக, தப்பான தலைப்பு ஒரு காலையில் ஊரை மாற்றுகிறது, சரியான செய்தி வருடக்கணக்கில் போட்டும் ஊர் அசையவில்லை. ஏன்? அந்த ஆயாவுக்குச் செய்தி தெரியும். அடுத்தவன் வாங்க மாட்டான் என்பதும் தெரியும். இரண்டாவதுதான் அவருடைய மார்க்கெட்டில் செல்லுபடியாகிறது. டீக்கடைக்காரர் அட்டையைச் சுரண்டியதும் அதே பயத்தில்தானோ என்று இப்போது தோன்றுகிறது. போஸ்டரை மட்டும் குற்றம் சொன்னதில் எனக்கு முழு நிம்மதி இல்லை.

24 அக்டோபர், காலை 9.30

சில்குரியிலிருந்து மனைவியின் சிகிச்சைக்கு வந்திருக்கிறவர், பக்கத்து மருந்துக் கடையில் ரூ.1,840 யுபிஐயில் செலுத்தினார். அவர் கணக்கில் கழிந்தது, கடையில் வரவில்லை. மறுபடி ரொக்கமாகக் கொடுத்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் "நாளைக்குத் திரும்பி வரும், வராவிட்டால் ஒரு நாளைக்கு நூறு ரூபாய் பேங்க் தர வேண்டும்" என்றேன். 2019 செப்டம்பர் 20-ந் தேதி ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு அது.

24 அக்டோபர், இரவு 8.45

திருத்தம். அவரிடம் நான் சொன்ன கெடு தவறு. ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பியது போய்ச் சேராவிட்டால்தான் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தியதில் உறுதி வராமல் நின்றுவிட்டால் ஐந்து நாள். அதற்குப் பிறகுதான் நாளொன்றுக்கு ரூ.100, நாம் கேட்காமலே அவர்களே தர வேண்டும். ஏடிஎம்மில் பணம் வராமல் கழிந்தாலும் அதே ஐந்து நாள். லாட்ஜுக்குப் போய் அவரைத் தேடிச் சொல்லிவிட்டு வந்தேன். மனைவிக்குத் திங்கட்கிழமை ஆபரேஷன், அதற்கு நடுவில் இந்த ரூ.1,840-ஐ ஒரு காகிதத்தில் எழுதிப் பையில் வைத்திருக்கிறார்.

29 அக்டோபர், காலை 7.10

அவருக்கு 27-ந் தேதி இரவு திரும்ப வந்துவிட்டது. ஐந்து நாள் கணக்கு எனக்கு இனி மறக்காது.

4 நவம்பர், இரவு 9.20

நெஃப்ட்டில் கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறி, பணம் வேறு யாருக்கோ போய்விட்டது, பெயர் சரியாகத்தானே எழுதினேன் என்று ஆற்காட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார். ஐயா, பெயரைப் பார்த்து ஏற்றுவதில்லை. எண்ணை மட்டும் பார்த்தே ஏற்றலாம் என்பது 2010-லிருந்து உள்ள நடைமுறை. அதனால்தான் 2025 ஏப்ரல் 1 முதல், அனுப்புவதற்கு முன்பே எதிராளியின் பெயரைத் திரையில் காட்ட வேண்டும் என்று நெஃப்ட்டுக்கும் ஆர்டிஜிஎஸ்ஸுக்கும் சொல்லியிருக்கிறார்கள். பெயர் வந்த பிறகு அனுப்புங்கள். போன பணத்துக்கு இன்றே உங்கள் பேங்கில் எழுத்து மூலம் கொடுங்கள், கொடுத்ததற்கு முத்திரை வாங்குங்கள். ஏமாற்றுப் பேர்வழியிடம் போயிருந்தால் முதல் வேலை 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்குப் போன்.

இந்தப் பெயர் காட்டும் வசதி எத்தனை வீட்டுக்குத் தெரியும்? என் லைனில் கேட்டுப் பார்த்தேன், பத்துப் பேரில் இரண்டு பேர்.

12 நவம்பர், காலை 6.15

டீக்கடையில் ஒரு கரும்பலகை வாங்கி வைத்திருக்கிறேன், போஸ்டர் தொங்கும் கம்பிக்குக் கீழே. பணம் சம்பந்தமான தலைப்பு வருகிற அன்று மூன்றே வரி எழுதுகிறேன்: யார் தர வேண்டும், எந்த நாளிலிருந்து, எதற்கெல்லாம் கிடையாது. செய்தியை முழுக்கப் படித்துவிட்டுத்தான் சாக்பீஸை எடுப்பது. ரிட்டயரான வாத்தியார் ஒருவர் தினமும் எழுத்துப் பிழை பார்த்துத் தருகிறார். டீக்கடைக்காரர் முதலில் இடம் அடைக்கிறது என்றார், இப்போது அவரே துடைத்து வைக்கிறார்.

8 டிசம்பர், மாலை 4.55

இன்னொரு லாட்ஜ் செக், ரூ.12,600. காலை 10.25-க்குக் கவுன்டரில் கொடுத்து முத்திரை வாங்கினேன். பெட்டிப் பக்கம் போகவே இல்லை. 4.40-க்குப் பணம் ஏறிய குறுஞ்செய்தி வந்தது. ஆக, நடக்கிறது. முதல் பதிவில் கேட்ட கேள்விக்கு நானே ஒரு பதில்: 8-ந் தேதி, 10.25, 4.40.

ஜனவரி 3 முதல் இரவு 7 மணி வரை காத்திருக்காமல் மூன்று மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று அதே ஆகஸ்ட் சுற்றறிக்கையில் இருக்கிறது. அது முதல் சனிக்கிழமை, பேங்க் உண்டு. செக்கோடு போய் நிற்பேன்.

25 டிசம்பர், காலை 6.30

ஜனவரி 3 இல்லை. மறு அறிவிப்பு வரும் வரை தள்ளி வைத்திருப்பதாக ரிசர்வ் வங்கி நேற்று சொல்லிவிட்டது. இரவு 7 மணிக் கெடு அப்படியே தொடர்கிறது. இன்றைய பேப்பரில் இது உள்பக்கத்தில், ஒற்றைப் பத்தியில், இடது ஓரம். கட்டுப் பிரிக்கும்போது எல்லாப் பக்கத்தையும் புரட்டியதால் கண்ணில் பட்டது. போஸ்டரில் வேறு செய்தி.

கரும்பலகையில் எழுதிவிட்டேன்: "செக் மூன்று மணி நேரத் திட்டம் தள்ளிவைப்பு. தேதி சொல்லவில்லை. இப்போதைக்கு இரவு 7 மணி." வாத்தியார் "தள்ளிவைப்பு" சேர்த்து எழுதியது சரிதான் என்றார். ஆம்பூர் தோல்காரருக்கும் போனில் சொல்லிவிட்டேன், அவர் ஜனவரி 3-ஐ நம்பி ஆட்களுக்குச் சம்பளத் தேதி சொல்லியிருந்தார்.